அட்டையில் என்ன எழுதப் போகிறோம்?

வடகிழக்கு இங்கிலாந்தில் கடற்கண்ணாடி நகை செய்யத் தொடங்கியிருக்கும் தமிழ்த் தோழிகளுக்கு,



தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் நான் போட்டிருந்த மேசையைச் சுற்றி நின்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் மேடையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். உங்கள் பாதிக் கண் அங்கே இருந்தது. துளை போடுவது எப்படி, கிளிப்பிலிருந்து கழன்று விழாமல் ஒட்டுவது எப்படி, என்ன விலை வைக்கலாம் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஆனால் உங்களில் ஒருவர் போகிற போக்கில் கேட்ட ஒரு கேள்வி என்னோடு வீடு வரைக்கும் வந்துவிட்டது. "ஏன் அக்கா, இந்தக் குளிரில் கரைக்குப் போய்க் குனிந்து பொறுக்கணுமா? ஆன்லைனில் கிலோக் கணக்கில் கிடைக்கிறதே, யாருக்குத் தெரியப் போகுது?"

இந்த மடல் பெரும்பாலும் அந்தக் கேள்விக்காகத்தான்.

நாம் பொறுக்குவது எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். சண்டர்லாந்துக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் சீஹாம். ஊர்க்காரர்கள் வாயில் அது சீயம். 1853-இல் ஜான் கேண்டலிஷ் இங்கே லண்டன்டெரி பாட்டில் ஆலையைத் தொடங்கினார். பின்னாளில் சண்டர்லாந்தின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். பிரிட்டனின் மிகப் பெரிய பாட்டில் ஆலைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. உச்சத்தில் ஒரு நாளைக்கு 20,000 பாட்டில் வரை கையால் செய்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். உடைந்தது, ஓரம் கோணியது, உலையில் மிஞ்சியது எல்லாம் கடலில் போய் விழுந்தது. 1921-இல் ஆலை மூடியது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேலாக வட கடல் அந்தக் கழிவை உருட்டிக்கொண்டே இருக்கிறது.

உருட்டலோடு கூடவே இன்னொன்றும் மெதுவாக நடக்கிறது. பாட்டில் கண்ணாடியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மணலிலிருந்து வந்த சிலிக்கா. மிச்சத்தில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் அந்தச் சோடாவையும் சுண்ணாம்பையும் மேல்தோலிலிருந்து கரைத்து எடுத்துவிடுகிறது. எடுத்த இடத்தில் பொடிப்பொடியாகக் குழிகள். அந்தக் குழிகளில் வெளிச்சம் சிதறுவதால்தான் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி அந்த மங்கல் வருகிறது. கல்லில் மோதிய இடமெல்லாம் சின்னச் சின்னப் பிறைத் தழும்பு. நல்ல பக்குவத்துக்கு வர இருபது முப்பது வருஷமாவது ஆகும். சீயத்துத் துண்டுகள் பல அதைப் போல மூன்று நான்கு மடங்கு காலம் கிடந்தவை.

பச்சையும் பழுப்பும் வெள்ளையும் நிறையக் கிடைக்கும். கோபால்ட் சேர்ந்த நீலம் எப்போதாவது. பெரும்பாலும் பழைய மருந்துப் பாட்டில். இளம் ஊதா கிடைத்தால் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அது ஆலையிலிருந்து வெள்ளையாகத்தான் வெளியே வந்தது. மணலில் இருக்கும் இரும்பு கண்ணாடிக்குப் பச்சை சாயல் கொடுக்கும். அதை மறைக்க அந்தக் காலத்தில் மாங்கனீசு சேர்த்தார்கள். அந்த மாங்கனீசுதான் வெயில் பட்டுப் பட்டு ஊதாவாக மாறியிருக்கிறது. சிவப்பு இத்தனை வருஷத்தில் எனக்கு நான்குதான் கிடைத்தது, நான்கையும் விற்கவில்லை. சீயத்துக்கு உலகெங்கும் பேர் வாங்கித் தந்தது பலவண்ணத் துண்டு. ஒரே துண்டுக்குள் நீலமும் வெள்ளையும், சில சமயம் மஞ்சளும் அடுக்கு அடுக்காக இருக்கும். வேலை முடிந்த நேரத்தில் வெவ்வேறு நிறக் குழம்பின் மிச்சத்தை ஒன்றாகக் கொட்டியதால் வந்தவை என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

தொடங்கிய வருஷம் எனக்கும் இதே யோசனைதான் வந்தது. இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் காலையில் கடல் வற்றும் நேரம் பார்த்து ஓட முடியவில்லை. ஆன்லைனில் "அசல் கடற்கண்ணாடி" என்று போட்டிருந்ததில் இரண்டு கிலோ வாங்கினேன். பை பிரித்தபோது மயில்கழுத்து நிறத்தில் அழகு அழகாகக் கொட்டியது. ராத்திரி பகலாக உட்கார்ந்து காதணி செய்து, ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்த கைவினைச் சந்தையில் மேசை போட்டேன். மதியத்துக்குள் பதினொரு ஜோடி போய்விட்டது. பிறகு ஒரு பாட்டி வந்தார். ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து என் கையிலேயே வைத்து, மற்றவர் காதில் விழாமல், "இது கடலையே பார்த்ததில்லை, பெட்" என்றார். நம் ஊரில் கண்ணே, ராசாத்தி என்போமே, அதற்கு இந்தப் பக்கத்தில் அந்தச் சொல். அவருடைய தாத்தா அந்தப் பாட்டில் ஆலையில் வேலை பார்த்தவராம்.

மிச்சத்தை அப்போதே மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். வாங்கிப் போன பதினொரு பேரில் ஏழு பேரைத் தேடிப் பிடித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நான்கு பேர் இன்னும் எங்கோ அந்தக் காதணியைக் கடல் கொடுத்தது என்று நம்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

நான் தூத்துக்குடிக்காரி. அப்பா ஒரு சங்கு குடோனில் கணக்கு எழுதினார். குளித்து எடுத்து வந்த சங்கை அங்கே ஒரே குவியலாகப் போட மாட்டார்கள். உயிரோடு எடுத்தது ஒரு பக்கம். செத்து மண்ணுக்குள் கிடந்து பூச்சி துளைத்தது இன்னொரு பக்கம். இரண்டும் வெள்ளைதான், இரண்டும் கடலிலிருந்து வந்ததுதான். ஆனால் வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போகும் சரக்குக்கு எது என்ன என்று பிரித்துச் சொல்லித்தான் விலை. கலந்து அனுப்பினவனிடம் அடுத்த வருஷம் ஆள் வராது என்பார் அப்பா. அதைக் கேட்டு வளர்ந்த நான் இரண்டு கிலோவுக்கு ஏமாந்து, பதினொரு பேரை ஏமாற்றினேன்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். உங்கள் கருவிகளில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். கடலில் கிடந்ததை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குழியும் பிறைத் தழும்பும் ஒழுங்கில்லாமல் தெரியும். ஒரு முகம் ஒரு மாதிரி, மறுமுகம் வேறு மாதிரி இருக்கும். செயற்கைத் துண்டு பெரும்பாலும் இரண்டு வழியில் செய்யப்படுகிறது. ஒன்று, உடைத்த கண்ணாடியைச் சிலிக்கன் கார்பைட் தூளும் தண்ணீரும் சேர்த்து, கல்லுக்கு மெருகேற்றும் உருளை எந்திரத்தில் சில நாள் சுற்றவிடுவது. இன்னொன்று, அமிலத்தில் முக்கி மேல்தோலை மங்கலாக்குவது. இரண்டிலும் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பவுடர் பூசின மாதிரி இருக்கும். ஒரே நிறத்தில், ஒரே அளவில், ஒரே தடிமனில் இருபது துண்டு ஒரு பையில் வந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் ஓர் அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். அசலிலும் தழும்பு தெளிவாகத் தெரியாத துண்டு உண்டு. விற்கிறவரிடம் எந்தக் கரை என்று கேளுங்கள். கரையின் பெயர் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

எந்திரத்தில் செய்ததை நான் இழிவாகச் சொல்லவில்லை. வீட்டில் காலியான ஒரு பாட்டிலை உடைத்து, வாரக்கணக்கில் சுற்றி, மழுக்கி, அதில் ஒரு பதக்கம் செய்வதும் கைவேலைதான். குப்பைக்குப் போக இருந்த கண்ணாடி கழுத்துக்கு வருகிறதே, அதுவும் நல்லதுதான். "எந்திரத்தில் மழுக்கிய பாட்டில் கண்ணாடி" என்று எழுதி விற்பவரிடம் நானே வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுதாமல் விடும்போதுதான் அது பொய்ச் சரக்கு ஆகிறது.

இந்த நாட்டில் வெள்ளிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 7.78 கிராமுக்கு மேல் எடையுள்ள வெள்ளிப் பொருளை, பரிசோதனை அலுவலகத்து முத்திரை இல்லாமல், வெள்ளி என்று சொல்லி விற்கக் கூடாது. 1973-இல் வந்த சட்டம். காதில் நுழையும் கம்பியிலிருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்பதற்கும் சட்ட வரம்பு இருக்கிறது. அதனால் மலிவான கொக்கிகளைக் காதணிக்குப் போடாதீர்கள், 925 வெள்ளிக் கொக்கியே போடுங்கள். ஆக, நாம் செய்யும் காதணியில் கொக்கிக்கு விதி இருக்கிறது. வாங்குகிறவர் எதை ஆசைப்பட்டு எடுக்கிறாரோ அந்தக் கண்ணாடிக்கு ஒரு முத்திரையும் கிடையாது. நகையோடு நாம் கட்டித் தரும் அந்தச் சின்ன அட்டைதான் அவருக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி.

சரி, வேலைக்கு வருகிறேன்.

துளை போட 1 அல்லது 1.5 மில்லிமீட்டர் வைரத்தூள் பூசிய ஊசி வேண்டும். ஒரு தட்டில் மரத்துண்டு வைத்து, அதன்மேல் கண்ணாடியைக் கிடத்தி, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். உலர்ந்த கண்ணாடியில் துளையிடவே கூடாது. சூட்டில் விரிசல் விடும், தூளும் மூச்சில் போகும். மோட்டாரைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைக்காமல், நீண்டு வளையும் குழாயோடு வரும் கருவியாக வாங்குங்கள். அமுக்காதீர்கள், கோழி கொத்துகிற மாதிரி தொட்டுத் தொட்டு எடுங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும், மாற்றிக்கொள்ளுங்கள். பாதித் துளை ஆனதும் துண்டைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து வாருங்கள். ஒரே பக்கமாகத் துளைத்தால் ஊசி வெளியே வரும் இடத்தில் சில்லு பெயர்ந்து, நூறு வருஷத்துத் துண்டு ஒரு நொடியில் போய்விடும். பலவண்ணத் துண்டில் துளையே போடாதீர்கள் என்பேன். நிற அடுக்குகள் சேரும் இடத்தில் பிளந்துவிடும் அபாயம் அதிகம். அதற்குக் கம்பி சுற்றுங்கள், அல்லது வெள்ளிப் பட்டையில் கிண்ணம் கட்டிப் பதியுங்கள்.

ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது. ஈரமாக இருக்கும்போது நிறம் பளிச்சென்று இருக்கிறது என்பதற்காகச் சிலர் எண்ணெய் தடவி விற்கிறார்கள். வேண்டாம். அந்த மங்கலுக்காகத்தான் வாங்குகிறார்கள்.

தலைக்கான பொருளைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டீர்கள். காதணியைவிட இதில் வேலை அதிகம், ஏனென்றால் தலையில் இருப்பது நாள் முழுக்க இழுபடும், உரசும், கீழே விழும். நீளக் கிளிப்பின் மேல்தகடு நேராக இருக்காது, லேசாக வளைந்திருக்கும். தட்டையான கண்ணாடியை அதில் ஒட்டினால் நடுவில் மட்டும்தான் பிடிப்பு. ஒரு மாதத்தில் பெயர்ந்து வரும். இதற்கு வழி நம் பொறுக்கலிலேயே இருக்கிறது. பாட்டிலின் தோள்பட்டையிலிருந்தும் வயிற்றிலிருந்தும் உடைந்த துண்டுக்கு இயல்பாகவே வளைவு உண்டு. அவற்றைத் தனி டப்பாவில் போட்டு வைத்து, தகட்டின் வளைவோடு சேர்கிறதா என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். பொருந்துகிற துண்டு கிடைத்தால் கிளிப்பு பாதி முடிந்த மாதிரி. தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு குழாய் எபாக்சி பசை கலந்து ஒட்டி, ஒரு முழு நாள் தொடாமல் வையுங்கள். வெளிர்ப் பச்சை, வெள்ளைத் துண்டுகளைப் பசையில் ஒட்டவே வேண்டாம். பசையின் ஒவ்வொரு குமிழும் அதற்குள்ளே தெரியும். அவற்றுக்குக் கம்பிதான்.

சீப்புக் கிளிப்புக்கு 0.4 மில்லிமீட்டர் கம்பி போதும். ஒவ்வொரு பல்லுக்கும் நடுவே இரண்டு சுற்று. கம்பி முனையை எப்போதும் முன்பக்கமாக, கண்ணாடிக்கு அடியில் மடக்கிச் செருகுங்கள். பின்பக்கம் விட்டால் முடியைப் பிடித்து இழுக்கும். இங்குள்ள பெண்கள் பலருக்கு முடி மெல்லியது. கனமான கிளிப்பு அரை மணியில் சரிந்து இறங்கிவிடும். அவர்களுக்கு ஒரே ஒரு சின்னத் துண்டு வைத்த ஊசிக் கிளிப்பு போதும். நம் பிள்ளைகளின் அடர்ந்த சடைக்கு நான் குஞ்சலம் செய்கிறேன். பட்டுக் கயிற்றில் துளையிட்ட மூன்று துண்டு, கனமானது அடியில். ஆண்டு விழாவில் முதலில் விற்றுத் தீர்ந்தது அதுதான் என்பதை நீங்களே பார்த்தீர்கள். எதைச் செய்தாலும் விற்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க உங்கள் தலையில் மாட்டிக்கொண்டு வீட்டு வேலை பாருங்கள். அதில் தப்பியதை மட்டும் மேசைக்குக் கொண்டு போங்கள்.

விலை. நான் ஒரு ஜோடிக் காதணியை 30 பவுண்டுக்கு விற்கிறேன். பக்கத்து மேசையில் 8 பவுண்டுக்கு விற்பார்கள். "ஏன் இவ்வளவு?" என்று கேட்பவரிடம் நான் ஜோடியைப் பற்றித்தான் சொல்வேன். நிறம், தடிமன், அளவு, மங்கல் நான்கும் ஒத்துப்போகிற இரண்டு துண்டு கடற்கரையில் அருகருகே கிடப்பதில்லை. ஒரு பாசிப்பச்சைத் துண்டுக்கு இணை கிடைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. கேட்டவர் சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள், சிலர் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டு வாங்குவார்கள். 8 பவுண்டுக்காரரைப் பார்த்து உங்கள் விலையைக் குறைக்காதீர்கள். குறைத்தால் கட்டுப்படியாகாது, கட்டுப்படியாகாதபோதுதான் கிலோக் கணக்குச் சரக்கின் மேல் கண் போகும். நான் வழுக்கின இடம் அது.

கரையில் எதை எடுப்பது என்பதற்கும் ஒரு வார்த்தை. இன்னும் பளபளப்பும் கூர் ஓரமும் இருக்கிற துண்டை நான் பிஞ்சு என்று சொல்வேன். பிஞ்சைத் திரும்பக் கடலுக்கே போட்டுவிடுங்கள். வாளியும் மண்வெட்டியுமாக வந்து தோண்டுகிறவர்களை இப்போது பார்க்கிறேன். ஆலை மூடி நூறு வருஷம் ஆயிற்று. புதிதாக யாரும் கொட்டப் போவதில்லை, கொட்டவும் கூடாது. கலிபோர்னியாவில் ஃபோர்ட் பிராக் என்ற ஊரில் 1967 வரை ஊர்க் குப்பை கொட்டிய கரை பின்னால் கண்ணாடிக் கரை என்று பேர் வாங்கியது. கூட்டம் கூட்டமாக வந்து அள்ளினார்கள். இன்று அதில் ஒரு பகுதி மாநிலப் பூங்கா, அங்கிருந்து கண்ணாடி எடுக்கத் தடை. சீயத்துக்கு அந்த நிலை வர வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி என்று நான் வைத்திருக்கிறேன். நீங்களும் ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போங்கள், குன்றின் அடிவாரத்தை ஒட்டி உட்காராதீர்கள், அங்கே சுண்ணாம்புப் பாறை சரியும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அட்டைக்கு வருகிறேன். என் அட்டையில் இப்படி எழுதியிருக்கும்: "சீயம் கரையில் நானே பொறுக்கியது. துளை மட்டும் போட்டேன். வடிவம் மாற்றவில்லை, மெருகேற்றவில்லை. கொக்கி 925 வெள்ளி." ஓரத்தை நான் உரசி மழுக்கியிருந்தால் அதையும் எழுதுவேன். அடுத்தவர் பொறுக்கியதை வாங்கியிருந்தால் "வாங்கியது" என்று எழுதி, எந்தக் கரை என்றும் குறிப்பேன். எங்கே கிடைத்தது என்று மறந்துபோன துண்டுக்கு "கரை நினைவில்லை" என்று எழுதியிருக்கிறேன், அதுவும் விற்றது.

யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்ட தங்கைக்கு: அந்தப் பாட்டிக்குத் தெரிந்தது. இந்த ஊரில் அவரைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய தாத்தாவும் பாட்டனும் ஊதிய பாட்டிலைத்தான் நாம் விற்கிறோம். வெளியூரிலிருந்து வந்த நம்மை அவர்கள் தங்கள் கரையில் குனிய விட்டிருக்கிறார்கள், எங்கே தேடினால் நீலம் கிடைக்கும் என்று கையைக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் ஊரின் பெயரைப் பொய்ச் சரக்கின் மேல் எழுதி அவர்களிடமே விற்க வேண்டாம்.

ஏற்கெனவே கிலோக் கணக்கில் வாங்கிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். வருகிற சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் பையோடு என் வீட்டுக்கு வாருங்கள். லென்ஸ் மேசையில் இருக்கும். ஒவ்வொரு துண்டாகப் பார்த்து இரண்டு டப்பாவாகப் பிரிப்போம். இரண்டுக்கும் தனித்தனியாக அட்டை எழுதுவோம்.

அன்புடன்,
சீயம் கரையிலிருந்து உங்கள் அக்கா